வழக்கில் பேரில்லாதவர்களின் வீடு

தர்மபுரி நகரத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், இருபதுக்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் எதிர்ப்படுகிற வத்தல்மலையைப் பற்றி எழுதுகிறவர்கள், அங்கே காப்பிச் செடியின்மேல் படியும் பனியையும், சில்வர் ஓக் மரத்தைத் தழுவி ஏறுகிற மிளகுக் கொடியையும், சாமைக் கதிர் அசைகிற சரிவுகளையும் வர்ணித்துவிட்டு, அந்தச் சரிவுகளில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் வீட்டை எந்த ஆதாரத்தின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வர்ணனைக்கு ஏற்ற மலைதான் அது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெரியூரிலும் சின்னங்காட்டிலும் பால்சிலம்பிலும் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், காப்பி விலைக்கும் மழைக்கும் அடுத்தபடியாக அந்த மக்களின் வாயில் வருவது பட்டாவைப் பற்றிய பேச்சே. அந்தப் பட்டாத் தகராறு நியாயஸ்தலம் வரையில் போய், அங்கே ஒரு தீர்ப்பும் பிறந்துவிட்டபின், அதை எதிர்த்து மேலே போக விரும்புகிறவன், 'மேல்முறையீடு செய்ய எனக்கு அநுமதி கொடுங்கள்' என்று முதலில் ஒரு மனுப் போடவேண்டிய நிலைமை சில சமயங்களில் நேர்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு அது சாதாரணமான பூர்வாங்க நடவடிக்கை. வீடு போகும் நிலையில் நிற்கிறவனுக்கோ எல்லாமே அந்த ஒரு மனுவில் அடங்கியிருக்கிறது. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

வத்தல்மலையின் வீடுகளை ஒருமுறை நடந்து பார்த்தால் சர்க்கார் திட்டங்களின் வரலாறு வரிசையாகக் கண்ணில் படும். புல்வேய்ந்த மண்சுவர் வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு அடுத்த தலைமுறையாக வந்தவை தொகுப்பு வீடுகள். அவற்றுள் பழையனவற்றில் மழைக்காலத்தில் தளம் ஒழுகுகிறது. பிறகு 2011-இல் தொடங்கப்பட்ட, 300 சதுர அடியில் அமைந்த முதலமைச்சரின் பசுமை வீட்டுத் திட்டம் வந்தது. 2016-இல் பிரதம மந்திரியின் பெயரால் வந்த ஊரக வீட்டுத் திட்டம் சமவெளிக்கு 1,20,000 ரூபாயும் மலைப் பகுதிக்கு 1,30,000 ரூபாயும் என்று உதவித்தொகையை நிர்ணயித்தது. 2024-இல் 360 சதுர அடிக்கு 3,50,000 ரூபாய் தருகிற கலைஞரின் கனவு இல்லம் வந்தது. 2021 செப்டம்பர் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்த மலைக்கே வந்து பழங்குடி மக்களுடன் அமர்ந்து பேசினார். திட்டங்கள் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. எனினும் இவற்றில் எந்தத் திட்டத்தின் பலனைப் பெறவேண்டுமானாலும் காலின்கீழ் உள்ள மனைக்கு ஒரு காகிதம் வேண்டும் அல்லவா? அந்தக் காகிதம் பாட்டனார் பேரில் இருக்கிறது. பாட்டனாருக்கு மகன்கள் நால்வர். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாக நடந்தது. மேல் எல்லையில் வனத்துறையின் கல் நிற்கிறது. வீட்டு வரி ரசீதையும் மின்சார அட்டையையும் ரேஷன் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருப்பதே இங்குள்ள பல குடும்பங்களின் ஆவணக் காப்பகம்.

பெரியூர்ப் பக்கம் நான் சென்றிருந்தபோது, சமவெளியில் உள்ள தம் சம்பந்தி வீட்டாருக்கு வந்த நோட்டீசைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கலங்கியிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"ஏன் சார், கேசுல அவங்க பேரே இல்லீங்களாம். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலியாம். அப்புறம் எப்படிங்க ஊட்ட இடிக்கச் சொல்ல முடியும்?"

"முடியாதுன்னுதான் கவுண்டரே நியாயம் சொல்லுது. ஆனா நடக்குது" என்றேன்.

"நடந்தாப் பின்ன என்னதாங்க பண்றது?"

அந்தக் கேள்விக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடி முழு விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட வழக்கு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், அல்லது எங்கோ தொலைவில் இருக்கிற ஒருவர், இன்ன சர்வே நம்பரில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, அதை அகற்றும்படி நான் கொடுத்த விண்ணப்பத்தின்மேல் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்கிறார். எதிர்மனுதாரர்களாக அவர் காட்டுவது கலெக்டரையும், ஆர்.டி.ஓ.வையும், தாசில்தாரையும், பி.டி.ஓ.வையும். அந்த இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து வாழ்கிற குடும்பத்தின் பெயர் மனுவில் எங்குமே இராது. அரசு வழக்கறிஞர் நோட்டீசைப் பெற்றுக்கொள்கிறார், விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரங்களுக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று நீதிபதி உத்தரவிடுகிறார், மனு முடித்துவைக்கப்படுகிறது. 'சட்டப்படி' என்ற சொல்லுக்குள் வீட்டுக்காரனை விசாரிக்கும் கடமையும் அடங்கியிருப்பதாகவே நீதிபதி கருதியிருப்பார். ஆனால் கெடு நெருங்குகிறபோது, கோர்ட்டு அவமதிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் இருக்கும் கீழ்நிலை அதிகாரிக்கு அந்தச் சொல் கண்ணில் படுவதில்லை. வாரக் கணக்கு மட்டுமே படுகிறது. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி ஒரு நோட்டீசு கதவில் ஒட்டப்படுகிறது. அந்தக் குடும்பம் வழக்கைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அன்றைக்குத்தான்.

வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர் மேல்முறையீடு செய்ய எவருடைய அநுமதியும் வேண்டியதில்லை. தனி நீதிபதியின் உத்தரவை எதிர்த்து, உயர்நீதிமன்றத்தின் லெட்டர்ஸ் பேட்டண்டு என்னும் பழைய சாசனத்தின் 15-ஆவது பிரிவின்படி, இரண்டு நீதிபதிகள் அடங்கிய அமர்வின் முன் 30 நாளைக்குள் அவர் போகலாம். வழக்கில் பேரே இல்லாதவர் அப்படி நேராகப் போக இயலாது. தாம் யார், அந்த உத்தரவு தம்மை எவ்வாறு பாதிக்கிறது, ஏன் தம்மை முன்னமே சேர்க்காமல் விட்டார்கள் என்பதையெல்லாம் பிரமாண வாக்குமூலமாக எழுதி, மேல்முறையீட்டுடன் அநுமதி மனு ஒன்றையும் அவர் இணைத்தாக வேண்டும். உத்தரவினால் பாதகம் அடைகிற எவரும், கட்சிக்காரராக இல்லாதபோதிலும், நீதிமன்றத்தின் அநுமதி பெற்று மேல்முறையீடு செய்யலாம் என்பதை 1970-இல் ஜதன்குமார் கோல்சா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது குடிசையைப் பற்றிய வழக்கன்று. ஒரு கம்பெனி கலைப்பில் எழுந்த சொத்து விவகாரம். எனினும் செல்வர்களின் சொத்துக்காக வகுக்கப்பட்ட அந்த நியதி, தொகுப்பு வீட்டில் வாழ்கிற குடும்பத்துக்கும் அப்படியே உதவுகிறது.

மேல்முறையீட்டுக்கு அநுமதி கேட்கும் வழக்கம் நம் நாட்டில் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நினைவு வரும். மன்னரின் சந்நிதானத்துக்குப் பிரஜை ஒருவன் செய்துகொள்ளும் விண்ணப்பமாக அது கருதப்பட்டபடியால், விசேஷ அநுமதி என்பது உரிமையாக இல்லாமல் கிருபையாக இருந்தது. 1949 அக்டோபரில் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் நீங்கியது. 1950-இல் பிறந்த நம் அரசியல் சாசனம் 136-ஆவது பிரிவில் அதே விசேஷ அநுமதியை உச்சநீதிமன்றத்தின் கையில் வைத்தது. சிவில் வழக்குகளுக்கு 133-ஆவது பிரிவில் வேறொரு வழியும் இருந்தது. ஆனால் அந்த வழியில் செல்ல, வழக்கின் மதிப்பு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது பொது நிபந்தனை. 1950-ஆம் ஆண்டின் 20,000 ரூபாய்! மண்சுவரும் புல்கூரையுமான ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு எந்தக் காலத்தில் அந்த மதிப்பை எட்டும்? பொருளின் விலையைக் கொண்டு நியாயத்தின் கனத்தை அளந்த அந்த ஏற்பாட்டை 1972-ஆம் ஆண்டின் 30-ஆவது திருத்தம் நீக்கிற்று. பொது முக்கியத்துவம் வாய்ந்த கணிசமான சட்டப் பிரச்சினை உண்டா என்பதே அளவுகோலாயிற்று. ஏழைகளின் பக்ஷத்தில் செய்யப்பட்ட திருத்தங்களில் இதைப் பற்றி எவரும் அதிகமாகப் பேசுவதில்லை. என் அபிப்பிராயத்தில் அது மிகப் பெரிய காரியம்.

136-ஆவது பிரிவின் விஷயம் வேறு. பிரீதம் சிங் வழக்கில் 1950-லேயே உச்சநீதிமன்றம் இந்த அதிகாரத்தைச் சிக்கனமாக, விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. எந்தெந்த வழக்குகளில் அநுமதி தரலாம் என்பதற்கு நெறிமுறை வகுக்கவேண்டும் என்ற கேள்வி பிற்காலத்தில் ஐந்து நீதிபதிகளின் அமர்வுக்குப் போனபோது, 2016-இல் அந்த அமர்வு அப்படி வரையறுக்க மறுத்துவிட்டது. ஆகவே, உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாளைக்குள் அங்கே போகிற ஒருவனுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் ஆகாது. காரணம் ஒன்றும் கூறாமல் ஒரே வரியில் மனுத் தள்ளுபடியாவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. இவ்வாறு தள்ளப்பட்டவர்கள் மனமுடைந்து போகிறார்கள். 'சுப்ரீம் கோர்ட்டே நமக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியன்று. காரணம் கூறாமல் அநுமதி மறுக்கப்பட்டால், உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கீழ்த் தீர்ப்பு மேல் தீர்ப்பில் கலந்துவிடுவதும் இல்லை. தக்க காரணம் இருந்தால் உயர்நீதிமன்றத்திலேயே மறுசீராய்வு கேட்கும் வழி அடைபடுவதில்லை. இதை 2000-ஆம் ஆண்டில் குஞ்ஞயம்மது வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கமாக நிர்ணயித்தது. அந்த வழக்கே கேரளத்தின் தனியார் காட்டு நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதிலிருந்து எழுந்த வழக்கு என்பது மலைவாசிகள் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது.

இனி, அநுமதி என்பது மலைமக்களின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய தடையாக நிற்கமுடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்னிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்தும் உழுதும் வருகிற பழங்குடி மக்களுக்கு, அவ்விதம் அநுபவித்துவரும் நிலத்தின்மேல், 4 ஹெக்டேர் உச்சவரம்புக்குட்பட்டு, உரிமையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் பல மாநிலங்களில் உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டு வந்த அதே காலத்தில், 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கலாம், ஆனால் உரிமைப் பத்திரம் வழங்குமுன் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெறவேண்டும் என்று கூறியது. அந்தத் தடை 2016-இல்தான் உச்சநீதிமன்றத்தில் நீங்கியது. இடையில் எட்டு ஆண்டுகள்! கல்வராயன் மலையிலும், சித்தேரியிலும், சேர்வராயனிலும், ஜவ்வாது மலையிலும், இந்த வத்தல்மலையிலும் விண்ணப்பம் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களில் எத்தனையோ முதியவர்கள் அந்த எட்டு ஆண்டுகளில் காலமாகிவிட்டிருப்பார்கள். அந்த வழக்கில் அவர்கள் தனித்தனியே கட்சிக்காரர்கள் அல்லர்.

மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு பேரிடி விழுந்தது. 2019 பிப்ரவரி 13-ஆம் தேதி உச்சநீதிமன்றம், வன உரிமை கோரி விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நாடு முழுவதிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டிருந்தன. அந்த வழக்கைத் தொடர்ந்தவர்கள் வனவிலங்குப் பாதுகாப்பில் அக்கறை கொண்ட அமைப்பினர். எதிரே நின்றவை சர்க்கார்கள். வீட்டை இழக்கப்போகிற குடும்பங்கள் அந்தத் தாளில் வெறும் எண்ணிக்கையாகத்தான் இடம்பெற்றிருந்தன. பதினைந்து நாட்களுக்குப் பிறகு, பிப்ரவரி 28-ஆம் தேதி, மத்திய சர்க்காரின் வேண்டுகோளின்மேல் நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்திவைத்து, நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்று மாநிலங்களைக் கேட்டது. அந்தக் கேள்வி முதல் நாளே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவிலேயே, கிராம சபையின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் 60 நாளைக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவால் பாதிக்கப்பட்டவர் மீண்டும் 60 நாளைக்குள் மாவட்ட அளவிலான குழுவிடமும் முறையிடலாம் என்றும், அவருக்குத் தம் பக்ஷத்தைச் சொல்ல நியாயமான சந்தர்ப்பம் தராமல் அவருக்கு விரோதமாக முடிவு செய்யக்கூடாது என்றும் பாராளுமன்றம் எழுதிவைத்திருக்கிறது. அங்கே அநுமதி கேட்க வேண்டியதில்லை. மேல்முறையீடு உரிமையாகவே கிடைக்கிறது.

நகரத்துக் குடிசைவாசிகளுக்காக 1980-களில் நடந்த போராட்டத்தையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். பம்பாயின் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தப் போவதாக 1981-இல் அறிவிப்பு வந்தபோது எழுந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள், உயிர்வாழும் உரிமையில் ஜீவனோபாய உரிமையும் அடங்கும் என்று சொன்னார்கள். சென்னையின் குடிசைவாசிகளுக்காக, அந்நாளில் வழக்கறிஞராக இருந்து பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கும் அதே 1985-இல் தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்புகளைப் பலர் வெற்றி என்று மட்டும் எழுதுகிறார்கள். பம்பாய் வழக்கில் உரிமையை உயர்த்திப் பேசிய நீதிமன்றம், அப்புறப்படுத்தும் அதிகாரத்தைச் செல்லாததென்று சொல்லவில்லை; மழைக்காலம் முடிகிறவரையில் அவகாசமும், 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடமும் தரச் சொல்லிற்று. அந்தக் கணக்கெடுப்பின் அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவனுக்கு மாற்றிடம் உண்டு; இல்லாதவனுக்கு அவ்வளவு உறுதி இல்லை. பரண்மேல் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பையின் அருமை இதிலிருந்து விளங்கும்.

சட்டத்தில் வழி இருப்பது ஒன்று, அந்த வழியில் உரிய காலத்தில் நடக்க முடிவது வேறொன்று. தர்மபுரி மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. மலையிலிருந்து சென்னை 300 கிலோமீட்டர் தூரம். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனுப் போடவேண்டும். வக்கீலைக் கண்டு வக்காலத்துக் கொடுக்கவேண்டும். தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கில வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி விளங்கவைத்துக் கையொப்பம் வாங்கவேண்டும். இவற்றுக்கு நடுவில் 30 நாள் எப்படிப் போகிறது என்றே தெரியாது. வழக்கில் பேரில்லாதவருக்கோ, உத்தரவு பிறந்தது தெரியவருமுன்பே அந்த 30 நாளும் கழிந்துபோயிருக்கும். நகல் பெறுவதற்குச் சென்ற நாட்களைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. மீதித் தாமதத்தை மன்னிக்கும்படி 5-ஆவது பிரிவின்கீழ்த் தனி மனுக் கொடுக்கலாம். தாமதத்தை மன்னிப்பதில் தாராள மனம் வேண்டும் என்று 1987-இல் உச்சநீதிமன்றம் சொன்ன காட்டிஜி வழக்கு வக்கீல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சலுகை அன்று கிடைத்தது ஓர் ஏழைக்கு அன்று; நிலம் எடுத்த ஜம்மு காஷ்மீர் சர்க்காருக்கு. அவர்கள் மேல்முறையீடு நான்கு நாள் தாமதமாக வந்திருந்தது. வக்கீல்களும் அலுவலகங்களும் வைத்திருக்கிற ஒரு சர்க்காருக்கே நான்கு நாளை மன்னிக்கலாம் என்றால், கதவில் நோட்டீசு ஒட்டிய அன்றைக்குத்தான் விஷயம் அறிந்த மலைவாசிக்கு எத்தனை நாளை மன்னிக்கலாம் என்பதை நீதிபதிகள் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டால் இடிப்பு தானே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. தடையுத்தரவு என்று தனியாகக் கேட்டுப் பெற்றால்தான் நிற்கும். அநுமதி மனு, தாமத மன்னிப்பு மனு, தடை மனு ஆகிய மூன்றும் மேல்முறையீட்டோடு சேர்ந்து ஒரே கட்டாகப் போகவேண்டும். இதில் ஒன்றை மறந்தால் மற்றவை இருந்தும் பயனில்லாமல் போகக்கூடும்.

2024 நவம்பர் 13-ஆம் தேதி நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் அளித்த தீர்ப்பு இந்த விஷயத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. வீட்டை இடிக்குமுன் 15 நாள் அவகாசத்துடன் காரணங்காட்டும் நோட்டீசு பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும், வீட்டுக்காரரை நேரில் விசாரிக்கவேண்டும், இறுதி உத்தரவில் காரணங்களை எழுதவேண்டும், அதன் பிறகும் அந்த உத்தரவை எதிர்த்து மேலே போவதற்கு 15 நாள் விடவேண்டும் என்று அது விதித்தது. பொதுச் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற இடங்களில் உள்ள கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நான் மேலே விவரித்த ரிட் உத்தரவு இந்த இரண்டாவது விலக்குக்குள் இழுத்துக்கொண்டு வரப்படுமோ என்ற கவலை எனக்கு உண்டு. 'சட்டப்படி பரிசீலியுங்கள்' என்று கூறும் உத்தரவு இடிக்கச் சொல்லும் உத்தரவு ஆகாது என்பதை அதிகாரிகளும் வக்கீல்களும் உரக்கச் சொல்லவேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் பார்ப்போம். இங்கிலாந்தில் பெரும்பாலான மேல்முறையீடுகளுக்கு அநுமதி வேண்டும். வெற்றிபெற மெய்யான வாய்ப்பு இருக்கிறதா, அல்லது கேட்டே ஆகவேண்டிய வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். இரண்டாவது மேல்முறையீட்டுக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் சர்க்கார் உதவித்தொகைக்கு வரம்பு வந்ததால் வாடகை கொடுக்க முடியாமல் வீடிழந்த ஐந்து குழந்தைகளின் தாய்க்கு, மில்டன் கீன்ஸ் அருகே வெகு தொலைவில் ஒரு வீட்டைக் காட்டி, அவர் மறுத்தவுடன் தங்கள் கடமை முடிந்தது என்று நகராட்சி சொல்லிவிட்டது. கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் அந்தத் தாய் தோற்றார். உச்சநீதிமன்றம் அவர் முறையீட்டைக் கேட்க முன்வந்தது. 2015 ஏப்ரல் 2-ஆம் தேதி, நீதிபதி ஹேல் அம்மையார் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், பக்கத்தில் வீடு இல்லை என்று சொல்லும் நகராட்சி தான் எங்கே தேடியது, ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் காட்டவேண்டும் என்று கூறி அந்தத் தாயை வெற்றிபெறச் செய்தது. அநுமதி என்ற வாசலை நீதிமன்றங்கள் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் கடைசிவரையில் இழுத்துக்கொண்டே போனால் உண்மையில் பாதிக்கப்பட்டவனுக்கு நாள் கிடைக்காது. ஆனால் ஒரு குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் பற்றிய அநுமதி மனுவை மறுக்கிறபோது, நான்கு வரியிலாவது காரணம் எழுதவேண்டும். மறுக்கப்பட்டவன் அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பித் தன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்படி அது இருக்கவேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, இந்த வாசலுக்கு வரவேண்டிய அவசியமே ஏற்படாமல் செய்யும் சக்தி கீழே உள்ள அதிகாரியின் கையில் இருக்கிறது என்பதே. சென்னையில் உட்கார்ந்திருக்கிற நீதிபதிக்கு அந்தச் சர்வே நம்பரில் யார் வாழ்கிறார்கள் என்று தெரியாது. தாசில்தாருக்குத் தெரியும், வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், வீட்டைக் கட்டிக்கொடுத்த ஒன்றிய அலுவலகத்தின் பதிவேட்டில் பயனாளியின் பெயரே இருக்கிறது. ரிட் மனுவின் நகல் கைக்கு வந்தவுடன், 'இந்த இடத்தில் இன்னின்ன குடும்பங்கள் குடியிருக்கின்றன, அவர்களைச் சேர்க்காமல் முடிவு செய்யலாகாது' என்று அரசு வழக்கறிஞருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால், நீதிபதி அவர்களைக் கட்சிக்காரர்களாகச் சேர்க்கச் சொல்லாமல் இரார். சர்க்கார் தன் பணத்தில் கட்டிக்கொடுத்த வீட்டை ஆக்கிரமிப்பு என்று வேறொருவர் சொல்கிறபோது சர்க்காரே மௌனமாக இருப்பது, வீட்டுக்காரனுக்கு மட்டுமா, தனக்கே செய்துகொள்ளும் அநியாயம். இந்த ஒரு பக்கக் கடிதத்தை வருவாய்த் துறை கட்டாயமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு சர்க்காரை நான் மெய்யாகவே வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், தகுதியிருந்தும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் முறையிடுவதற்கு மாவட்ட அளவில் கலெக்டரும், மற்றோர் அதிகாரியும், குறைந்தது அதிகாரியல்லாத ஒருவரும் அடங்கிய மேல்முறையீட்டுக் குழு ஒன்றைத் திட்டத்தின் விதிகளே ஏற்படுத்தியிருக்கின்றன. கிராம சபையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், தீர்மானத்தில் என்ன எழுதினார்கள் என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் இல்லையென்றால் அன்றே ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். பட்டா மாறுதலில் தாசில்தார் செய்த தவறுக்கு 1983-ஆம் ஆண்டுப் பட்டா புத்தகச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடும், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் மறுசீராய்வும் உண்டு. சென்னைக்கோ டில்லிக்கோ போகுமுன் இங்கே தர்மபுரியிலேயே முடியக்கூடிய காரியங்கள் பல.

வத்தல்மலையில் படித்து வெளியே வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று எதிர்பார்த்து எழுதுகிறேன். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும்; கோர்ட்டுக் கட்டணமும் நகல் செலவும் அதில் அடக்கம். பெண்களுக்கும் அப்படியே. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பரண்மேல் உள்ள பையை இறக்கி, வீட்டு வரி ரசீதுகளையும், மின் அட்டையையும், பயனாளி உத்தரவையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவில் நோட்டீசு ஒட்டப்பட்டால் அதைக் கிழித்தெறியாமல், பார்த்த நாளை அதன்மேலேயே எழுதிப் பத்திரப்படுத்தும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். மறுநாளே ஒருவரைத் தர்மபுரிக்கு அனுப்புங்கள்.